களைத்த உதட்டிடம் கேளுங்கள்

டிரம்பெட் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளின் பெட்டியைத் திறந்தால் அநேகமாக ஒரே மவுத்பீஸ்தான், அதாவது உதட்டில் வைத்து ஊதும் பித்தளை முனைதான், இருக்கும். மேலே 7சி என்று பொறித்திருப்பார்கள். யமஹா வாங்கியிருந்தால் 11பி4. யாரும் தேர்ந்தெடுத்து வைத்ததல்ல, வாத்தியத்தோடு கூடவே வந்தது. ஒன்றிரண்டு ஆண்டு போனதும் மேல் ஸ்தாயி எட்டவில்லை என்ற கவலை வரும், அல்லது அரை மணி நேரத்திலேயே உதடு விட்டுப்போகும். அப்போது பேண்டில் யாராவது ஒரு மூத்தவர், "மவுத்பீஸை மாத்திப் பாரு தம்பி" என்பார். எதற்கு மாற்றுவது, எப்படிப் பார்ப்பது என்று அவர் சொல்வதில்லை. இந்தக் கட்டுரை அந்த இடத்தில் நிற்கிறவர்களுக்காக.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மவுத்பீஸ் நமக்குச் சரியா என்பதை முதல் பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்க முடியாது. புதிதாக எதை வைத்து ஊதினாலும் முதலில் நன்றாகத்தான் இருக்கும். விளிம்பு உதட்டில் புதிய இடத்தில் அழுத்துகிறது, நேற்று வரை அழுத்தம் வாங்கிய இடம் ஓய்வில் இருக்கிறது, நாமும் ஆர்வத்தில் மூச்சைக் கூடுதலாக இழுத்து ஊதுகிறோம். இந்த மூன்றும் சேர்ந்தால் மேல் ஸ்வரம் ஒன்றிரண்டு கூடுதலாக வரும். கடையிலேயே காசைக் கொடுத்துவிடத் தோன்றும். இரண்டு வாரத்தில் அந்த ஸ்வரங்கள் காணாமல் போகும். மவுத்பீஸ் மாறவில்லை; உதடு பழகிவிட்டது, அவ்வளவுதான். நம்ப வேண்டியது ஒரு மணி நேரம் வாசித்து உதடு களைத்த பிறகு அது எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான்.

இனி அந்த 7சி. இந்த எண்களும் எழுத்துகளும் வின்சென்ட் பாக் என்பவரிடமிருந்து வந்தவை. 1890இல் வியன்னாவுக்குப் பக்கத்தில் பாடன் என்ற ஊரில் பிறந்தவர். இயந்திரப் பொறியியல் படித்தவர், அதே சமயம் மேடையில் தனியாக வாசிக்கும் அளவுக்குத் தேர்ந்த டிரம்பெட் கலைஞர். 1914இல் அமெரிக்கா போய், பாஸ்டன் சிம்ஃபனியில் வாசித்து, 1918இல் நியூயார்க்கில் மவுத்பீஸ் கடையத் தொடங்கினார். வாத்தியம் செய்யத் தொடங்கியது அதற்கு அப்புறம்தான். 1961இல் நிறுவனத்தை செல்மர் என்ற வாத்திய நிறுவனத்துக்கு விற்றார். இன்று உலகில் பாதிப் பேர் மவுத்பீஸைப் பற்றிப் பேசுவது அவர் போட்ட கணக்கில்தான். பொறியாளரும் கலைஞரும் ஒரே ஆளாக இருந்ததால் வந்த கணக்கு அது. எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு.

அவர் முறையில் எண் குறையக் குறைய கிண்ணத்தின், அதாவது விளிம்புக்கு உள்ளே உள்ள குழியின், வாய் அகலமாகும். எழுத்து ஆழத்தைச் சொல்லும்: ஏ மிக ஆழம், பி அதற்கடுத்து, சி நடுத்தரம், டி, ஈ என்று போகப் போக ஆழம் குறையும். சரி, 7சி-யிலிருந்து 3சி-க்குப் போனால் எவ்வளவு பெரிதாகும்? பாக் பட்டியலின்படி 7சி-யின் உள்விட்டம் 16.20 மில்லிமீட்டர். 5சி 16.25. 3சி 16.30. நான்கு எண் தள்ளிப் போயும் கூடியது 0.1 மில்லிமீட்டர்தான். ஆனால் 3சி-யிலிருந்து 1½சி-க்குப் போனால் 17.00, ஒரே தாவலில் 0.7. எண்கள் படிக்கட்டு மாதிரி வரிசையாக இருப்பதால் இடைவெளியும் சமமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நிறையப் பேர் 3சி-யிலிருந்து நேரே 1½சி-க்குப் போய், உதடு தாங்காமல் திண்டாடுகிறார்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. சிகாகோ சிம்ஃபனியில் டிரம்பெட் வாசித்த ரெனால்ட் ஷில்கி பின்னாளில் சொந்தமாக வாத்தியமும் மவுத்பீஸும் செய்தார். அவர் முறை அப்படியே தலைகீழ். எண் கூடினால் விட்டம் கூடும். ஏ என்றால் ஆழம் குறைவு, ஈ என்றால் மிக ஆழம். யமஹாவுக்கு ஆலோசகராக இருந்தவரும் அவர்தான், அதனால் யமஹாவும் அதே வழியில் போகிறது. பாக்கின் சின்ன எண் பெரிய மவுத்பீஸ், யமஹாவின் சின்ன எண் சின்ன மவுத்பீஸ். ஷில்கி 14ஏ4ஏ என்றால் விட்டம் 14, ஆழம் குறைந்த கிண்ணம், 4 என்பது ஓரளவு தட்டையான விளிம்பு, கடைசி ஏ என்பது குறுகிய பேக்போர், அதாவது கிண்ணத்துக்குப் பின்னால் நுனி வரை போகும் துளை. இந்த வரிசை தெரிந்தால் பெயரைப் படித்தே பாதி விஷயம் புரிந்துவிடும். ஒரு நிறுவனத்தின் மில்லிமீட்டரை இன்னொன்றின் மில்லிமீட்டரோடு ஒப்பிடுவதும் சரிவராது. விளிம்பு வளைந்து உள்ளே இறங்குவதால் எந்த ஆழத்தில் அளவுகோலை வைக்கிறோமோ அதைப் பொறுத்து விட்டம் மாறும், ஆளாளுக்கு ஓர் இடத்தில் அளக்கிறார்கள்.

அப்படியானால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? விளிம்பை வைத்துத்தான். விளிம்பு சரியில்லாத மவுத்பீஸில் மற்ற எது சரியாக இருந்தும் பலனில்லை. இசைக்கு முன்னால் உதட்டைத் தொடுவது அது ஒன்றுதான்.

விளிம்பில் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது அகலம். அகலமான விளிம்பு அழுத்தத்தைப் பரப்பிக் கொடுக்கும், நீண்ட நேரம் தாங்கும். ஆனால் கீழ் ஸ்வரத்திலிருந்து மேலே தாவும்போது உதடு நகர இடம் குறையும். ஒடுங்கிய விளிம்பில் இது அப்படியே எதிர்ப்பக்கம். இரண்டாவது உள்முனையின் கூர்மை. கூராக இருந்தால் நாக்கை எடுத்ததும் ஸ்வரம் 'டக்' என்று தொடங்கும், மெல்லிய ஒலியிலும் தெளிவு இருக்கும். கூடவே அது உதட்டை வெட்டும். நான் வாசித்த 7சி-களில் இந்தக் கூர்மை தூக்கலாகவே இருந்தது. அழுத்தி ஊதும் பழக்கமுள்ள பிள்ளைகளின் உதட்டில் வட்டமாகச் சிவந்த தடம் நெடுநேரம் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். மழுங்கிய முனையில் வலி இல்லை, ஆனால் ஸ்வரத்தின் தொடக்கம் குழையும். மூன்றாவதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை: விளிம்பின் உச்சி எங்கே இருக்கிறது? உச்சி உள்பக்கமாக இருந்தால் மவுத்பீஸ் சின்னதாகத் தோன்றும், வெளிப்பக்கமாக இருந்தால் பெரிதாகத் தோன்றும். ஒரே 16.3 மில்லிமீட்டர் உள்ள இரண்டு மவுத்பீஸ் ஒருவருக்கு முற்றிலும் வேறு அளவாகப் படுவது இதனால்தான்.

பல்லையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். முன்பல் ஒன்று கொஞ்சம் தூக்கியிருந்தால் விளிம்பின் அழுத்தம் முழுவதும் அந்த ஒரு புள்ளியில் விழும். அவர்களுக்கு உச்சி வட்டமாக உள்ள விளிம்பைவிட, தட்டையான அகல விளிம்பு இதம். பல்லுக்குக் கம்பி கட்டியிருக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் காலம் முடியும் வரை புது மவுத்பீஸ் எதுவும் வாங்கிக் கொடுக்காதீர்கள்; கம்பி கழன்ற பிறகு வாய் அமையும் விதமே மாறும். நம் ஊர் ஆண்களுக்கு மீசை ஒரு விஷயம். மேலுதட்டு ஓரத்து மயிர் விளிம்புக்கு அடியில் சிக்கினால் மவுத்பீஸ் ஒரே இடத்தில் உட்காராது. ஒப்பிட்டுப் பார்க்கிற காலத்திலாவது உதட்டோரத்தை ஒரே அளவில் கத்தரித்து வையுங்கள். இன்று ஒரு நீளம், அடுத்த வாரம் வேறு நீளம் என்றிருந்தால் எதை ஒப்பிடுகிறோம் என்றே தெரியாது.

விளிம்பு பிடித்துவிட்டால் அடுத்தது கிண்ணத்தின் ஆழம். மவுத்பீஸைக் கையில் பிடித்து அதன் வாயை உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள், 'பப்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கு ஒரு சுருதி உண்டு. கிண்ணத்தில் அடைபட்ட காற்றும், அதன் அடியில் உள்ள ஒடுங்கிய துளையான தொண்டையில் உள்ள காற்றும் சேர்ந்து அதிரும் சுருதி அது. கிண்ணம் சின்னதானால் சுருதி ஏறும், பெரிதானால் இறங்கும். ஆர்தர் பெனேட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் பித்தளை வாத்தியங்களை ஆராய்ந்தபோது இதைத் தொடர்ந்து வலியுறுத்தினார். டிரம்பெட்டின் குழாய்க்கு என்று சில அதிர்வெண்கள் இருக்கின்றன. அவற்றில் இந்தச் சுருதிக்கு அருகில் இருப்பவற்றுக்கு மவுத்பீஸ் வலுவூட்டுகிறது. ஆழம் குறைந்த கிண்ணம் மேலே உள்ளவற்றுக்குத் துணை போகிறது, அதனால் ஒலி பளிச்சென்று வெட்டுகிறது. ஆழமான கிண்ணத்தில் ஒலி இருண்டு, அகன்று வரும். ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் வாசித்தது ஹைம் என்ற ஆழமான மவுத்பீஸ். அவருடைய அந்த மூச்சோடு கலந்த குரலில் அதற்கும் பங்கு இருந்தது.

கவனியுங்கள், ஆழம் குறைந்த கிண்ணம் மேல் ஸ்வரத்தை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே வருகிற ஸ்வரத்துக்கு ஒளி கொடுக்கிறது, கொஞ்சம் சிரமத்தைக் குறைக்கிறது. உதடு தடித்தவர்கள் அதில் ஊதினால் இன்னொரு தொல்லை: களைத்து வீங்கிய உதடு கிண்ணத்துக்குள் புகுந்து அடியைத் தொட்டுவிடும், ஒலி அப்படியே அறுந்துபோகும். முதல் பாட்டில் இது நடக்காது. கடைசிப் பாட்டில் நடக்கும். நான் களைத்த உதட்டைப் பற்றியே திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

கல்யாண ஊர்வலத்திலும் திருவிழாவிலும் வாசிக்கிற நண்பர்கள் ஆழம் குறைந்த கிண்ணத்தை ஏன் தேடிப் போகிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. தெருவில் சுவர் இல்லை, நம் ஒலி நமக்குத் திரும்பி வருவதில்லை. பக்கத்தில் டிரம்ஸ், எதிரே பட்டாசு, பின்னால் ஜெனரேட்டர். நம் சத்தம் நமக்கே கேட்காதபோது காதைக் கிழிக்கும் ஒலி ஒன்றுதான் ஆறுதல் தரும். அந்த வேலைக்கு டி அல்லது ஈ கிண்ணம் நியாயமான தேர்வுதான், அதைக் குறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. நடந்துகொண்டே வாசிப்பதால் விளிம்பு மட்டும் அகலமாக இருக்கட்டும். ரோட்டில் ஒவ்வொரு பள்ளமும் பல்லில் தெரியும். அதே மவுத்பீஸோடு ஞாயிறு ஆராதனையில் பாடற்குழுவின் பின்னால் நின்றால் ஒலி ஒட்டாது. நான் பெரும்பாலும் தேவாலயத்தில் வாசிக்கிறவன். நான்கு குரலோடு கலக்க வேண்டிய இடத்தில் 3சி, அல்லது அதைவிடக் கொஞ்சம் ஆழமான பி கிண்ணம் கொடுக்கிற இதம் வேறு எதிலும் கிடைக்கவில்லை.

இரண்டு வேலையும் செய்கிறவர்கள் விளிம்பை மாற்றாமல் கிண்ணத்தை மட்டும் மாற்றட்டும். வார்பர்டன் மாதிரியான நிறுவனங்கள் மேல்பாகத்தையும் பேக்போரையும் தனித்தனியாகத் திருகி இணைக்கும்படி செய்கிறார்கள். விளிம்பு மட்டும் தனியாகக் கழற்றி மாட்டும் வகையும் உண்டு. உதட்டுக்கு ஒரே முகம், ஒலிக்கு இரண்டு முகம்.

தொண்டையையும் பேக்போரையும் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனென்றால் கற்றுக்கொள்கிற யாரும் அதில் கை வைக்கத் தேவையில்லை. பாக்கின் வழக்கமான தொண்டை 27ஆம் எண் டிரில், அதாவது 3.66 மில்லிமீட்டர். டிரில் எண் குறைந்தால் துளை பெரிதாகும். ஆர்க்கெஸ்ட்ரா கலைஞர்கள் சிலர் 24 வரை, அதற்கு மேலும்கூடத் திறந்து வைத்துக்கொள்வார்கள். துளையைப் பெரிதாக்கினால் உரத்த வாசிப்புக்கு இடம் கிடைக்கும், பதிலுக்கு மூச்சு அதிகம் கேட்கும். ஒரு தரம் துளைத்ததைத் திரும்ப அடைக்க முடியாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இதைவிட முக்கியமானது மவுத்பீஸ் வாத்தியத்துக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்பது. அதன் நுனிக்கும் உள்ளே லீட்பைப் என்ற முதல் குழாய் தொடங்கும் இடத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும், சுமார் 3 மில்லிமீட்டர் என்பது பொதுவான அளவு. இது கூடினாலும் குறைந்தாலும் ஸ்வரம் உட்காரும் விதம் மாறும். நண்பருடைய வாத்தியத்தில் அருமையாக இருந்த அதே மவுத்பீஸ் நம் வாத்தியத்தில் வழுக்கிக்கொண்டு போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வாத்தியத்துக்குள் நுழையும் தண்டான ஷாங்கைச் சுற்றி மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை வைத்துச் செருகிப் பாருங்கள். காகிதத்தோடு நன்றாக இருந்தால் இடைவெளி கூடுதலாக வேண்டும் என்று அர்த்தம். காசு செலவில்லாத சோதனை இது.

ஒப்பிடும்போது நான் கடைப்பிடிக்கிற ஒழுங்கைச் சொல்கிறேன். முதலில் எல்லா மவுத்பீஸையும் பிரஷ் போட்டுக் கழுவி விடுவேன். தொண்டையில் படிந்த அழுக்கோடு ஒன்றையும், புதியதாக ஒன்றையும் ஒப்பிடுவது அநியாயம். அப்புறம் ஒரே வாத்தியம், ஒரே அறை, ஒரே நேரம். ஒரு மாலையில் இரண்டு மவுத்பீஸுக்கு மேல் கூடாது. மூன்றாவது வந்துவிட்டால் உதடு நினைவை இழந்துவிடும். மேல் ஸ்வரத்தில் தொடங்கவே மாட்டேன். நடு ஸ்தாயியில் நீண்ட ஸ்வரங்களை முடிந்த அளவு மெதுவாக ஊதுவேன். ஒலி எழும்பும் அந்தக் கணம் தயக்கமில்லாமல் வருகிறதா? அதுதான் முதல் கேள்வி. அடுத்து ட்யூனரை வைத்து மேலும் கீழும் ஒரே ஸ்வரத்தின் சுருதி விலகுகிறதா என்று பார்ப்பேன். கிண்ணத்தின் கொள்ளளவு மாறினால் மேல் ஸ்தாயியின் சுருதியும் நகரும், அதைத் தினமும் உதட்டால் திருத்திக்கொண்டிருந்தால் களைப்பு இரட்டிப்பாகும். அதற்குப் பிறகுதான் ஸ்லர் (நாக்கால் வெட்டாமல் ஸ்வரங்களை இணைப்பது), தாவல், பாட்டு.

பிறகு என் வழக்கமான மவுத்பீஸில் முழு அப்பியாசத்தையும் முடித்துவிட்டு, உதடு சோர்ந்த நிலையில் இரண்டையும் மாற்றி மாற்றி ஒரே கீர்த்தனையை வாசிப்பேன். புத்துணர்ச்சியில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாமல் இருந்திருக்கும். இப்போது ஒன்றில் மெல்லிய ஸ்வரம் காற்றாகப் போகும், மற்றதில் இன்னும் நிற்கும். நான் எடுப்பது நிற்கிறதைத்தான், முதல் நாளில் அது சுமாராக இருந்திருந்தாலும்.

கேட்கிறவர் ஒருவரும் வேண்டும். வாசிப்பவர் வாத்தியத்தின் விரிந்த வாயான பெல்லுக்குப் பின்னால் இருக்கிறார். அவருக்குக் கேட்பது எலும்பு வழியாக வரும் ஒலியும் கலந்தது. கோயிலின் கடைசி வரிசையில் நண்பர் ஒருவரை முதுகைக் காட்டி உட்காரச் சொல்லுங்கள், எது எந்த மவுத்பீஸ் என்று சொல்ல வேண்டாம். நமக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரிவது அவருக்குத் தெரியவே தெரியாது என்பது அடிக்கடி நடக்கும். ஒலியில் வித்தியாசம் இல்லை என்றால் கவலை ஏன்? உதட்டுக்கு எது சுகமோ அதை எடுத்துக்கொள்ளலாம். போனில் பதிவு செய்பவர்கள் போனைத் தூரத்தில் வையுங்கள். பக்கத்தில் வைத்தால் அது தானாகவே சத்தத்தைச் சமப்படுத்தி எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடும்.

நாகஸ்வரக் கலைஞர்களின் வாத்தியத்தில் சீவாளிகள் கொத்தாகத் தொங்கும், கச்சேரி நடுவிலேயே மாற்றுவார்கள். சீவாளி நாணல், தேயும், பிளக்கும், அதனால் மாற்றித்தான் ஆக வேண்டும். மவுத்பீஸ் பித்தளை. அது தேய்வதற்குள் நம் உதடு ஆயிரம் முறை மாறியிருக்கும். ஒன்றை எடுத்தால் குறைந்தது ஒரு மாதம் அதை மட்டுமே வாசியுங்கள். வாரம் ஒன்று மாற்றுகிறவர்களின் உதடு எதையும் கற்றுக்கொள்வதில்லை.

பெரிய மவுத்பீஸ் மோகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடால்ஃப் ஹெர்சத் 1948 முதல் 2001 வரை சிகாகோ சிம்ஃபனியின் முதல் டிரம்பெட்டாக இருந்தவர். 1952இல் கார் விபத்தில் அவருக்குப் பற்களும் உதடும் பலமாக அடிபட்டன. மீண்டு வந்தபோது பெரிய விட்டத்துக்கு மாறினார். அந்த மாபெரும் ஒலியைக் கேட்ட தலைமுறை அவரைப் பார்த்துப் பெரிய மவுத்பீஸ்களை எடுத்தது. அவர் மாறியதற்கு உதட்டுக் காயம் காரணமாக இருந்தது. பின்தொடர்ந்தவர்களுக்கு அந்தக் காயமும் இல்லை, ஒரு நாளில் அவர் வாசித்த நேரமும் இல்லை. தினமும் இரண்டு மூன்று மணி நேரம் வாசிக்கிறவருக்கு 1½சி பெரும் வரம். வாரம் இரண்டு நாள் வாசிக்கிறவருக்கு 3சி அல்லது 5சி போதும், 7சி கூடத் தாராளமாகப் போதும். 7சி தொடக்கக்காரர்களுக்கு மட்டும்தான் என்ற ஏளனம் எனக்குப் பிடிக்காத ஒன்று. அது பொருந்துகிறவர்கள் ஆயுள் முழுக்க அதிலேயே வாசிக்கலாம்.

மோனெட் மாதிரி கனமான, விலையுயர்ந்த மவுத்பீஸ்களும் இருக்கின்றன. ஜாஸ் கலைஞர் வின்டன் மார்சலிஸ் வாசித்த மோனெட் டிரம்பெட்டின் பெயரே 'ராஜா', அதில் மவுத்பீஸும் வாத்தியத்தோடு சேர்ந்தே இருக்கும். கேட்க ஆசைப்படலாம். வாங்க ஆசைப்படுவதற்கு முன் கையிலுள்ளதன் எல்லையைத் தொட்டுவிட்டோமா என்று பாருங்கள். வெள்ளிப் பூச்சா, தங்கப் பூச்சா என்பது பெரும்பாலும் தோலுக்கான கேள்வி. தங்கம் உதட்டில் வழுக்கலாக இருக்கும், வெள்ளி கொஞ்சம் பிடிக்கும். சிலருக்கு வெள்ளி ஒத்துக்கொள்ளாமல் அரிக்கும். பூச்சு உரிந்து பித்தளை வெளியே தெரிந்தால் அதை உதட்டில் வைக்காதீர்கள்.

கடைசியாக, வாங்கும்போது. 7சி என்று பொறித்த எல்லாம் பாக் 7சி அல்ல. மலிவு வாத்தியங்களோடு வரும் மவுத்பீஸ்களில் அந்த எழுத்து பேருக்குத்தான் இருக்கும். விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவினால் மேடு பள்ளம் தெரியும். போலி பாக்கும் ஏராளம். பழையது வாங்கினால் ஷாங்கின் நுனி வட்டமாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள், கீழே விழுந்தது என்றால் நசுங்கியிருக்கும். வாத்தியத்தில் செருகி லேசாக ஆட்டிப் பாருங்கள், ஆடினால் வேண்டாம். டிரம்பெட்டின் உறவு வாத்தியமான கார்னெட்டின் மவுத்பீஸை டிரம்பெட்டுக்கு என்று தள்ளிவிடுவதும் உண்டு. அதன் ஷாங்க் ஒல்லி, உயரமும் குறைவு, டிரம்பெட்டில் உட்காரவே உட்காராது. விற்பவர் ஒரு வாரம் வைத்து வாசித்துப் பார்க்கச் சம்மதித்தால் விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது அவரிடமே வாங்குங்கள். அந்த ஒரு வாரத்தில் ஒரு நாளாவது முழு ஆராதனையோ முழு ஊர்வலமோ வாசித்து முடித்த பிறகு அதை ஊதிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.